பந்தி வஞ்சனையும் ஒரு வேலை விளம்பரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வருகைப் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை.

உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் தொழில்நுட்பக் குழுக்களில் அடிக்கடி நடக்கிற ஒரு சண்டையைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். "எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறோம்" என்று ஒருவர் போடுவார். "இது தொழில் பேசுகிற இடம், விளம்பரப் பலகை இல்லை" என்று இன்னொருவர் சீறுவார். "நாலு பேருக்கு வேலை கிடைத்தால் உமக்கென்ன நஷ்டம்?" என்று மூன்றாமவர் கேட்பார். "சம்பளம் எவ்வளவு என்று ஏன் போடவில்லை?" என்பார் நான்காமவர். கடைசியில் அட்மின் வந்து யாரையாவது வெளியே அனுப்புவார்.

வாட்ஸ்அப் காலத்துச் சண்டை என்று நினைப்பீர்கள். இதற்கு வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இணையம் என்ற பெயர் ஊருக்குத் தெரியாத காலத்திலேயே இந்த வழக்கு தொடங்கிவிட்டது. அதை ஒரு பாடமாகவே சொல்லலாம் என்று தோன்றியது.

1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான அர்ப்பா, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இருந்த பெரிய கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கியது. அதன் பெயர் அர்ப்பாநெட். இன்றைய இணையத்துக்குத் தாத்தா முறை. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற ஏற்பாடு அன்று கிடையாது. பல்கலைக்கழகம், ராணுவ ஆய்வகம், அரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனம், இவற்றில் இருப்பவர்களுக்குத்தான் இடம். 1975-இல் இருந்து அதன் நிர்வாகம் ராணுவத்தின் தகவல் தொடர்பு அலுவலகத்திடம் இருந்தது.

ஆட்கள் குறைவு என்பதால், யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய மின்னஞ்சல் முகவரி என்ன என்பதை ஒரு புத்தகமாகவே அச்சிட்டார்கள். நம் பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. அதைத் தொகுத்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார். கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில், அர்ப்பாநெட்டின் தகவல் மையத்தை 1972-இலிருந்து 1989 வரை நடத்தியவர். நீங்கள் தினமும் தட்டுகிற டாட் காம், டாட் எடு போன்ற பெயர் முறையை உருவாக்கியதில் அவருடைய குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1978 மே மாதத் தொடக்கத்தில் ஒரு சம்பவம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க் என்பவர், புதிய கணினி மாடல்களைக் காட்டுவதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒன்றும் சான் மட்டேயோவில் ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள் ஏற்பாடு செய்தார். தனித்தனியாக அழைப்பு அனுப்புவது யாருக்கு முடியும்? அந்த டைரக்டரியை எடுத்து, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருந்தவர்களின் முகவரிகளை உதவியாளரைக் கொண்டு தட்டச்சு செய்யவைத்து, ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதமாக அனுப்பிவிட்டார். அன்றைய மென்பொருளில் முகவரிப் பகுதிக்கு ஓர் அளவு உண்டு. மிஞ்சிய முகவரிகள் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. படிப்பவருக்கு முதலில் பக்கம் பக்கமாக ஊரார் பெயர். அதற்குப் பிறகுதான் விஷயம்.

உலகின் முதல் ஸ்பாம் என்று பலரும் சொல்வது இதைத்தான். ராணுவ அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கண்டித்து எழுதினார். இந்த வலையமைப்பு அரசாங்கக் காரியத்துக்கு மட்டுமே என்றார். ஸ்பாம் கதையாக இதை நீங்கள் முன்பே கேட்டிருக்கலாம். அதன் பின்னால் நடந்த விவாதம்தான் நமக்குப் பாடம். அதில் கணினி விற்பனை ஓரமாகப் போய், வேலை விளம்பரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஃபைன்லர் அம்மையார் எழுதினார். இந்த வலையமைப்பில் இரண்டு வகைக் கடிதங்களை நாம் விரும்புவதில்லை என்றார். ஒன்று, பொருளை விற்கும் விளம்பரம். இன்னொன்று, வேலைக்கு ஆள் தேடுவதும் வேலை தேடுவதும். இடத்தை அடைக்கிறது என்பது மட்டும் காரணமில்லை என்றும் சொன்னார். இதற்குள் நுழைய ஆசைப்படும் நிறுவனங்கள் எத்தனையோ வெளியே நிற்கின்றன. எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாது. அப்படியிருக்க, உள்ளே இருக்கும் நிறுவனம் மட்டும் நாட்டின் தேர்ந்த பயிற்சி பெற்றவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்வது வெளியே நிற்கும் நிறுவனத்துக்கு அநியாயம். உள்ளே இருக்கும் ஆளுக்கு மட்டும் வேலைச் செய்தி எட்டுவது வெளியே இருக்கும் ஆளுக்கு அநியாயம். இதுதான் அவர் வாதம்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் வேண்டியவருக்கு ஒரு கரண்டி கூடுதலாகவும் வேண்டாதவருக்கு ஒரு கரண்டி குறைவாகவும் பரிமாறுவது. ஃபைன்லர் அதற்கும் ஒரு படி மேலே போனார். பந்தியே பூட்டிய கதவுக்குள் நடக்கிறதே என்று கேட்டார்.

அவருக்கு மறுப்பு எழுதியவர் 25 வயது இளைஞர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். பிற்காலத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஸ்டால்மன்தான். அந்த விளம்பரக் கடிதம் தனக்கு வரவில்லை, வந்திருந்தாலும் எரிச்சல் வந்திருக்காது என்றார். யாருக்கோ குழந்தை பிறந்த செய்தி உட்பட வேண்டாத கடிதம் எத்தனையோ வருகிறது, அதோடு இதுவும் ஒன்று என்றார்.

வேலை விஷயத்தில் அவர் பதில் காரமாக இருந்தது. இதனால் யாருக்காவது வேலை கிடைத்திருந்தால் அது நல்ல காரியம்தானே என்று கேட்டார். என் கையில் ஒரு வேலை இருந்தால் முதலில் என் நண்பர்களிடம்தான் சொல்வேன், அது பாவமா? நியாயம் என்ற பெயரில் 50,000 பேருக்கு மேல் இருக்கிற ஒவ்வோர் ஊர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து, ஊர் ஊராகப் போய் நேர்காணல் நடத்த வேண்டுமா? அந்த அளவுக்கு நியாயம் பார்த்தால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அதோடு முடியவில்லை. பிறகு யாரோ அந்தக் கடிதத்தின் நகலை அவருக்கே அனுப்பிவைத்தார்கள். பார்த்ததும் தன் பேச்சைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். விஷயம் எதுவாக இருந்தாலும், இவ்வளவு நீளமான முகவரிப் பட்டியலோடு ஒரு கடிதம் அனுப்ப யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது என்று எழுதினார். அடுத்த வீட்டுக் கல்யாண மேளம் இனிமைதான், ஒலிபெருக்கியை நம் ஜன்னலில் கட்டும் வரை.

மாணவர்களே, இந்த இரண்டு கடிதங்களிலும் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. வேலைச் செய்தி யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்று. அது நியாயம் பற்றியது. அந்தச் செய்தியால் எத்தனை பேருக்குத் தொந்தரவு என்பது இன்னொன்று. அது மரியாதை பற்றியது. ஃபைன்லர் முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டால்மன் அதைத் தள்ளிவிட்டு, இரண்டாவது கேள்வியில் தடுக்கி விழுந்தார். அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் குழுவில் வேலை விளம்பரச் சண்டை வந்தாலும் இந்த இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன.

ஃபைன்லர் கேட்டது நமக்குப் புதிய கேள்வி அல்ல. காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நம் நாட்டில் 1959-இலேயே சட்டம் வந்தது. அங்கே பதிவு செய்தவர்களை மட்டும் கூப்பிட்டால் போதாது, பத்திரிகை, வானொலி வழியாகவும் அறிவிக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. வேலை கொடுப்பது பிறகு, காலி இடம் இருக்கிறது என்ற செய்தியையாவது எல்லோருக்கும் சமமாகக் கொடு என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். 1979-இல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் ஒரு யோசனை செய்தார்கள். அர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காத கல்லூரிகளும் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். சாதாரணத் தொலைபேசி வழியாக ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு, தன்னிடம் உள்ள செய்திகளை ஒப்படைக்கும். அது அடுத்ததைக் கூப்பிடும். கிராமத்துத் தபால் போல கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போகும். இதன் பெயர் யூஸ்நெட். கதவுக்கு வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட பந்தி என்று சொல்லலாம்.

இங்கே தொலைபேசிக் கட்டணத்தை ஒவ்வொரு கல்லூரியும் நிறுவனமும் தன் கையிலிருந்து கட்டியது. அனுப்புகிறவருக்குச் செலவு சொற்பம். வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பவருக்கும் செலவு உண்டு. அன்று பலரும் பயன்படுத்திய ஒரு மென்பொருள், செய்தியை அனுப்பும் முன் நிறுத்தி எச்சரிக்கும். இது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்கும். யோசித்துப் பாருங்கள், இன்று ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் முன் இப்படி ஒரு குரல் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அந்தச் சமூகம் வேலை விளம்பரத்தைத் தடை செய்யவில்லை. அதற்குத் தனி அறை கட்டியது. முதலில் நெட்.ஜாப்ஸ் என்று ஒரு குழு இருந்தது. 1986, 1987-இல் எல்லாக் குழுக்களுக்கும் பெயர் மாற்றியபோது அது மிஸ்க்.ஜாப்ஸ் ஆனது. பிறகு அதுவும் கிளை விட்டது. ஆள் தேவை என்பதற்கு ஒன்று, ஒப்பந்த வேலைக்கு ஒன்று, பயோடேட்டா போட ஒன்று, வேலை பற்றிய பேச்சுக்கும் வாதத்துக்கும் இன்னொன்று. சி மொழியைப் பற்றிப் பேசுகிற குழுவில் வேலை விளம்பரம் போட்டால், அதற்கான அறை அங்கே இருக்கிறது என்று வழி காட்டுவார்கள். சில சமயம் மரியாதையாக, பல சமயம் மரியாதை இல்லாமல்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. செய்தி எந்த ஊர் வரைக்கும் போக வேண்டும் என்று எல்லை குறிக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து உட்கார வேண்டிய வேலை என்றால் அந்த வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஐரோப்பாக்காரரின் தொலைபேசிக் கட்டணத்தில் அதை ஏற்றக் கூடாது. விளம்பரம் போட்டவர் இதை மறந்தால் கண்டனம் வரும்.

ஆள் தேடுபவர் தரப்பையும் சொல்ல வேண்டும். நல்ல சி நிரலர் எங்கே இருப்பார்? சி மொழிக் குழுவில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பார். வேலையில் நிம்மதியாக இருப்பவர் வேலை அறையை எட்டிப் பார்க்க மாட்டார். அதனால்தான் கதவை மீறி உள்ளே வரத் துடிக்கிறார்கள். குழுவின் பதில் இது: அந்தத் திறமைசாலிகள் இங்கே கூடுவதே விளம்பரத் தொல்லை இல்லாததால்தான். எல்லோரும் வந்து கடை விரித்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் உமக்கும் ஆள் கிடைக்காது, எமக்கும் பதில் கிடைக்காது. குளத்தில் மீன் இருப்பதால் வலை வீசுகிறார்கள். எல்லோரும் வீசினால் குளம் கலங்கிப்போகும்.

1990களில் கதை மாறியது. அமெரிக்காவின் முதுகெலும்பு வலையமைப்பை நடத்திய தேசிய அறிவியல் அறக்கட்டளை, எந்த வகை விளம்பரமும் கூடாது என்று விதி வைத்திருந்தது. 1995 ஏப்ரலில் அந்த வலையமைப்பே மூடப்பட்டு, பொறுப்பு தனியார் நிறுவனங்களிடம் போனது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1994 ஏப்ரலில், அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்ற விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் கொட்டிவிட்டார்கள். கண்டனம் மலைபோல் குவிந்தது. அவர்கள் வருந்தவில்லை. எங்களுக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள் என்றார்கள். திட்டினால் ஒதுங்கிப் போகிறவர்களிடம்தான் நாகரிக விதி செல்லும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

வேலை அறைகளுக்கும் அதே கதி. நம் ஊரில் கன்சல்டன்சி என்கிறோமே, அந்த ஆள்பிடி நிறுவனங்கள் ஒரே வேலையைப் பத்து விதமாக எழுதிப் பத்து முறை போட்டன. கம்பெனி பெயர் இருக்காது. உண்மையான காலி இடமா, பயோடேட்டா சேகரிக்கும் தூண்டிலா என்று தெரியாது. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்ப்ரிட்ஜ் இணைய நாகரிக வழிகாட்டி ஒன்றை எழுதி வெளியிட்டார். சில இடங்களில் விளம்பரத்தை வரவேற்பார்கள், சில இடங்களில் வெறுப்பார்கள், போகிற இடத்தின் வழக்கம் அறிந்து நடந்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. பெண் கொடுத்த வீட்டுக்கு முதல்முறை போகும் சம்பந்தி நடந்துகொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதன்பின் ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு வழி கண்டது. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, காசு வாங்குவது. 1995-இல் கிரெய்க் நியூமார்க் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோ ஊர் நிகழ்ச்சிகளை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். வேலைச் செய்திகளும் அதில் சேர்ந்துகொண்டன. அதுதான் பிறகு கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆனது. பெரும்பாலான விளம்பரங்களை இலவசமாக வைத்துவிட்டு, ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம் மட்டும் முதலில் கட்டணம் வைத்தார்கள். காசு கொடுக்க வேண்டும் என்றால் ஒரே விளம்பரத்தைப் பத்து முறை போடும் ஆசை தானாக அடங்கும். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் சமூகம் இன்னும் வேடிக்கை. எங்கள் மின்னஞ்சல் குழுக்களில் விளம்பரம் போட வேண்டுமா? முதலில் 1000 டாலர் நன்கொடை கொடுத்து ரசீது காட்டுங்கள். கொடுக்காமல் போட்டால் 1999 டாலருக்குப் பில் வரும் என்று எழுதி வைத்தார்கள். உள்ளே வராதே என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, தனிக் கடை. 2008-இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெஃப் அட்வுட் இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ உங்களுக்குத் தெரியும். கேள்வி பதில் பக்கத்தில் வேலை விளம்பரத்துக்கு இடமில்லை. அதற்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். ஸ்போல்ஸ்கி 2000-இல் பன்னிரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். உங்கள் நிறுவனத்தில் நிரலர்களுக்கு அமைதியான இடம் உண்டா என்பதும் அதில் ஒன்று. வேலை விளம்பரத்தோடு அந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் எத்தனை மதிப்பெண் எடுத்தது என்றும் காட்டினார்கள். ஆள் எடுப்பவரும் பரீட்சை எழுத வேண்டும் என்றால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்காதா? ஆனால் அந்த வேலைப் பகுதியை 2022 மார்ச் இறுதியில் மூடிவிட்டார்கள்.

மூன்றாவது வழி, சந்தை நாள். ஹேக்கர் நியூஸ் என்ற தளத்தில் மாதத்தின் முதல் வேலை நாளில் "யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்று ஓர் இழை திறப்பார்கள். வாரச் சந்தை மாதிரி மாதச் சந்தை. வேலை தேடுபவர்களுக்கும் தனி இழை உண்டு. அந்தச் சந்தையின் விதிகளைப் படித்தால், இத்தனை ஆண்டுச் சண்டைகளின் தீர்ப்புத் தொகுப்பு மாதிரி இருக்கும்.

அந்த நிறுவனத்தில் நீங்களே வேலை செய்தால் மட்டும் போடுங்கள், இடைத்தரகர் வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான். வேலை எந்த ஊரில், வீட்டிலிருந்து செய்யலாமா என்று சொல்லுங்கள். ஊருக்கே தெரிந்த நிறுவனம் இல்லையென்றால், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று விளக்குங்கள். உண்மையிலேயே ஆள் எடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் போடுங்கள், விண்ணப்பித்த எல்லோருக்கும் பதில் சொல்லுங்கள். விண்ணப்பிப்பவர்களும், அந்த வேலையில் உண்மையான விருப்பம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஏமாந்த ஒருவர் நிற்கிறார். நேரில் வர வேண்டும் என்பதைச் சொல்லாமல் கடைசி நேர்காணலில் சொன்னவரால் ஏமாந்தவர். பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். அதனால்தான் இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அங்கேயும் ஒரு சண்டை தீரவில்லை. விளம்பரத்துக்குக் கீழே புகார் எழுதக் கூடாது என்பது விதி. போன முறை இவர்களிடம் விண்ணப்பித்தேன், பதிலே இல்லை என்று ஒருவர் எழுத விரும்பினால்? மற்றவர்களை எச்சரிப்பது அவர் கடமை என்று ஒரு கட்சி. சந்தையில் ஒவ்வொரு கடை முன்னாலும் பஞ்சாயத்து கூட்டினால் வியாபாரம் நடக்காது என்று மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மௌனம் நல்ல கடையையும் காக்கிறது, கள்ளக் கடையையும் காக்கிறது.

சம்பளத்துக்கு வருவோம். விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிடுவது நாகரிகமா, குறிப்பிடாமல் இருப்பது நாகரிகமா? நிறுவனங்கள் "திறமைக்கேற்ற ஊதியம்" என்று எழுதும். வேலை தேடுபவர்கள், நாலு சுற்று நேர்காணல் முடிந்து தொகையைச் சொன்னால் எங்கள் நேரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். குழுக்களில் இது மரியாதைப் பிரச்சினையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் அதைச் சட்டமாக்கியது. விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் என்ற நோக்கத்தில் வந்த சட்டம் அது. சில நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் கொலராடோவில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் கொடுத்தன! ஆனாலும் சட்டம் பரவியது. 2022 நவம்பரில் நியூயார்க் நகரம், 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா. நாகரிகமாகக் கேட்டுக் கிடைக்காதது சட்டமாக வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தொந்தரவு என்ற கேள்விக்கு நாம் ஓரளவு விடை கண்டுவிட்டோம். தனி அறை, கட்டணம், சந்தை நாள் எல்லாம் அதற்குத்தான். ஃபைன்லர் அம்மையார் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவருக்கு யார் சொல்வது?

1978-இல் கதவுக்கு வெளியே நின்றவர்களில் நம் ஊர் மாணவர்கள் எல்லோரும் அடக்கம். பொதுமக்களுக்கு இணையம் இந்தியாவில் வந்ததே 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதிதான். இன்று நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தில் ரெஃபரல் என்று ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு முதலில் கூப்பிடுவார்கள். ஸ்டால்மன் சொன்னதுபோல, நண்பனுக்குச் சொல்வது பாவமில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் யார்? உங்கள் கல்லூரி, உங்கள் ஊர், உங்கள் பேட்ச். சிறிய ஊரில் படிக்கிற முதல் பட்டதாரி ஒருத்திக்கு அந்த வட்டத்தில் யாரையும் தெரியாது. மதிப்பெண்ணில் அவள் உங்களுக்குச் சளைத்தவள் இல்லை. செய்தி எட்டவில்லை, அவ்வளவுதான். பல வருடம் வகுப்பறையில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், படிப்பில் சமமாக இருந்த இருவரைச் செய்தி பிரித்துவிடுவதைப் பார்ப்பது வருத்தம்.

ஆகவே எனக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும்.

உங்கள் நிறுவனத்தில் காலி இடம் இருந்தால், அதற்கென்று உள்ள பொது இடத்தில் ஒரு முறை போடுங்கள். பிறகு நண்பர்களுக்குச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், ஊர், சம்பள வரம்பு, கடைசித் தேதி நான்கும் இருக்கட்டும். இவை இல்லாத ஃபார்வர்டு வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்கும் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். இடம் நிரம்பிவிட்டால், நிரம்பிவிட்டது என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக எத்தனை வீடுகளில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நேர்காணலுக்கு வந்து தேர்வாகாத பிள்ளைக்கும் பதில் போடுங்கள்.

யாராவது தெரியாமல் தவறான குழுவில் வேலை விளம்பரம் போட்டுவிட்டால், சீறி விழாமல் சரியான இடத்தைக் காட்டுங்கள். விதி தெரியாத புதியவரும் கதவுக்கு வெளியே நிற்பவர்தான்.

வருடத்துக்கு ஒரு முறையாவது, உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு கல்லூரிக்கு, நீங்கள் படிக்காத ஒரு கல்லூரிக்கு, இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு கடிதம் அனுப்பிவையுங்கள்.

உங்கள் குழுக்களில் இதற்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிப்பேன். சண்டை போடுவதானாலும் போடுங்கள், பெயர் சொல்லி யாரையும் திட்டாமல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்